ஏழு நாள் வெஞ்சனம்

என் மனைவி மரியசெல்வி கணக்கு டீச்சர். அவள் போடுகிற கணக்கில் தப்பு வராது. நான்கு வருஷமாக நான் கொடுத்த எண்கள்தான் தப்பு. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஈஸ்டர் முடிந்த அந்த வாரம் முழுக்க, திண்டுக்கல்லில் என் சொந்த வீட்டில், என் சொந்த நாற்காலியில், வயிறு சரியில்லாதவன் மாதிரி நான் நெளிந்துகொண்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

என் பெயர் பிராங்கிளின். கானா நாட்டில் தெமா என்கிற துறைமுக ஊரில், பிளாஸ்டிக் வாளியும் நாற்காலியும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. மெஷின் நின்றால் ஓட வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. இது என் இரண்டாவது லீவு. வந்து இறங்கிய மூன்றாம் நாளே செல்வி அதைச் சொல்லிவிட்டாள்.

"நீங்க மே மாசம் போயி ஒரு வீடு பாத்து வைங்க. ஜூன்ல நானும் ஷைனியும் வந்துர்றோம்."

"உன் வேல?"

"விட்டுட்டுத்தான் வாரேன். பதினாலு வருஷம் பாத்தாச்சு. போதும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் விளையாட்டுக்கு எதையும் சொல்கிறவள் இல்லை என்பது லீவில் வருகிற புருஷனுக்கு மறந்துபோகிறது. மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். வீட்டுக் கடன் தவணையில் பாதியை அவள் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் அந்தப் பாதி வந்துவிடும். மீதிப் பாதிக்கு என் சம்பளம் இருக்கிறது. அப்படியானால் பாக்கி ஒரே கேள்வி, மூன்று பேர் அங்கே சாப்பிட என்ன ஆகும் என்பதுதான்.

"அதுக்குத்தான் காலண்டர் இருக்குல்ல" என்றாள்.

காலண்டர் என்பது என் பத்து வயது மகள் ஷைனியின் வேலை. தினமும் நான் போனில் சொல்லும் சாப்பாட்டை அவள் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறாள். 'அப்பா - மீன் குழம்பு.' 'அப்பா - கோழி வறுவல்.' 'அப்பா - மட்டன், ரசம்.' நான்கு வருஷக் காலண்டர். ஒன்றைக்கூடக் கழித்துப் போடவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு நா மீனு, ஒரு நா கோழி, ஞாயித்துக்கெழம மட்டன். இம்புட்டையும் கம்பெனி குடுக்கிற சாப்பாட்டுக் காசுல சாப்ட்டுட்டு, கையிலயும் மிச்சம் வச்சிருக்கீங்க. அப்ப அங்க வெலவாசி எம்புட்டுக் கொறச்சலா இருக்கணும்? இங்க நாங்க ரெண்டு பேரு சாப்பிடுற செலவுல அங்க மூணு பேரு சாப்பிடலாம்."

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி சரியாக இருந்தது.

உண்மை என்னவென்றால், சம்பளம் டாலரில் இங்கே பேங்கில் விழுந்துவிடும். அதை நான் தொடுவதில்லை. அங்கே சாப்பிடவும் மீட்டரில் முன்பணம் கட்டிக் கரண்டு போடவும் கம்பெனி தனியாக ஓர் அலவன்ஸ் கொடுக்கும், அந்த ஊர்ப் பணமான சீடியில். நான் அங்கே போய்ச் சேர்ந்த வருஷம் ஒரு டாலருக்கு ஆறு சீடி. அந்த அலவன்ஸில் ராஜா மாதிரி இல்லாவிட்டாலும் மனுஷன் மாதிரி சாப்பிட முடிந்தது. இப்போது ஒரு டாலருக்குப் பதினைந்து சீடிக்கு மேல். அலவன்ஸ் அதே அலவன்ஸ். மேனேஜரிடம் கேட்டால் ஹெட் ஆபீஸைக் கேட்க வேண்டும் என்பார். ஹெட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று நான்கு வருஷத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆப்பிரிக்கா என்றால் எல்லாம் அடிமட்ட விலையில் கிடைக்கும் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கும் இருந்தது. போய்ப் பார்த்தால், நாம் சாப்பிடுகிற எதுவும் அங்கே விளைவதில்லை, விளைவதை நாம் சாப்பிடுவதில்லை. துவரம்பருப்பு கப்பலேறி வருகிறது. இந்தியச் சாமான் கடையில் கிலோ நம் பணத்துக்கு நானூறு ரூபாயைத் தொடும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விலை விழுந்தால் மாட்டுக்குப் போடுகிற முருங்கைக்காயை அங்கே நாலு காயாகக் கட்டி குளிர்பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டு வாடகை மாசா மாசம் இல்லை. இரண்டு வருஷ வாடகையை முதல் நாளே மொத்தமாக வைத்தால்தான் சாவி கைக்கு வரும். சட்டம் வேறு மாதிரி என்று சொல்லுகிறார்கள். வீட்டுக்காரர்களின் சட்டம் இதுதான். ஷைனியைச் சேர்க்கிற மாதிரி பள்ளிக்கூடத்துக்கு டாலரில் பீஸ். குடும்பத்துக்கு வருஷா வருஷம் தங்கும் அனுமதி, அதுவும் டாலரில்.

நான் மதியம் சாப்பிட்டது கென்கே. மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்து, தோகையில் சுற்றி வேகவைத்த உருண்டை. தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சாந்து, பக்கத்தில் பொரித்த மீன் ஒன்று. தொழிற்சாலை வாசலில் எஸி அக்கா விற்பார். முதல் வருஷம் மீனோடு வாங்கினேன். அப்புறம் மீனை விட்டேன். எஸி அக்கா விலையை ஏற்றவில்லை, உருண்டைதான் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது. "என் பிள்ளைகளுக்கும் இதே அளவுதான், பிரதர்" என்பார். ராத்திரிக்கு, மரவள்ளிக்கிழங்கைத் துருவி வறுத்த ரவை. காரி என்பார்கள். தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையும் நாலு வேர்க்கடலையும் போட்டுக் குடித்தால் வயிறு உப்பி நிற்கும். அந்த ஊர் ஜனங்கள் அதைத்தான் சாப்பிடுகிறார்கள், அதற்காக ஒருவரும் தலைகுனிவதில்லை. வெட்கமெல்லாம் எனக்குத்தான்.

அந்த வெட்கம் என் மாமனார் பவுல்ராஜ் ஆரம்பித்து வைத்தது. நான் கிளம்பும்போது, "ஆப்பிரிக்காவுல போயி என்னத்தத் திம்பீங்க மாப்ள? பட்டினி கெடக்கவா பிளேன் ஏறணும்?" என்றார். போய்ச் சேர்ந்த அன்று செல்வி போனில், "சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் மாமனாரின் இருமல் கேட்டது. நான் பிளேனில் கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தேன். "கோழிக் குழம்பு" என்றேன். அதோடு சரி. முதல் நாள் கோழி என்று சொல்லிவிட்டு மறுநாள் சோள உருண்டை என்று எப்படி இறங்குவது?

கம்பெனிக் குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர். ஒட்டன்சத்திரம் பக்கத்து வேலுசாமி, பேகம்பூர் முகமது ரஃபீக், நான். மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும், திண்டுக்கல்லில் அப்போது எட்டரை. மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று வீட்டுக்குப் பேசுவோம். எங்கள் மூன்று வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். ஒரு நாள் நான் மீன் என்றேன், அதே நேரத்தில் வேலுசாமி மட்டன் என்றான். யார் லீவில் வந்தாலும் மற்ற இரண்டு வீட்டுப் பொட்டலத்தையும் சுமந்துகொண்டு போவது எங்கள் வழக்கம். அதனால் பெண்கள் மூன்று பேரும் பழக்கம். மறுநாளே விஷயம் ஒத்துப்பார்க்கப்பட்டு, "ஒரே அடுப்புல எப்படி ரெண்டு?" என்று கேள்வி வந்தது.

அன்றைக்கு வேலுசாமி ஓர் அட்டவணை எழுதினான். திங்கள் சாம்பார், முட்டைப் பொரியல். செவ்வாய் கோழி. புதன் மீன். இப்படி ஏழு நாளைக்கும். வெள்ளிக்கிழமை நான் மாமிசம் தொடுவதில்லை, வேலுசாமிக்கும் அந்தக் கிழமை கவுச்சியே ஆகாது. அதனால் அன்றைக்கு மூன்று பேருக்கும் காளான். பொய்யிலும் நாங்கள் விரதம் தவறவில்லை. வீடியோவில் தெரிந்துவிடக் கூடாது என்று அட்டவணையைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினோம். கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி கொடுத்த கோழியைச் சமைத்து ஆறு கோணத்தில் எடுத்த படங்கள் எட்டு மாசம் ஓடின. சிரித்துக்கொண்டேதான் செய்தோம். மூன்று பேர் சேர்ந்து செய்கிறபோது பொய் பொய்யாகவே தெரிவதில்லை.

மூன்று வீட்டிலிருந்தும் ஒரே பதில் வந்ததால்தான் செல்வி அதை முழுசாக நம்பினாள். நான் ஒருவன் சொல்லியிருந்தால் இருமுறை யோசித்திருப்பாள்.

லெட்டரைத் திங்கட்கிழமை கொடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். தனியார் பள்ளிக்கூடம், ஏப்ரல் முடிவதற்குள் சொன்னால்தான் அடுத்த வருஷத்துக்கு ஆள் எடுக்க முடியும். எனக்குத் திங்கட்கிழமை வரை நேரம் இருந்தது. வியாழக்கிழமை சொல்ல நினைத்தேன், ஷைனிக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமை நினைத்தேன், செல்வி ஸ்கூலிலிருந்து தலைவலியோடு வந்தாள். நான்கு வருஷம் தினமும் வாய் கூசாமல் பொய் சொன்னவனுக்கு, ஒரே ஒரு உண்மையைச் சொல்ல நல்ல நேரம் தேட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வேலுசாமியின் மனைவி மணிமேகலை ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். கொள்ளு, பருப்புப் பொடி, மிளகாய் வற்றல், வெங்காய வடகம் எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் கட்டி எடுத்து வந்திருந்தாள். ஒரு வீட்டுக்கு மூன்று கிலோதான் என்பது எங்கள் கணக்கு. அவள் ஐந்து கிலோ கொண்டுவந்துவிட்டு, எதை எடுக்கலாம் என்று பையைப் பிரித்துப் பார்த்தாள். எதையும் எடுக்க மனசு வரவில்லை.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். "வாரத்துல நாலு நாளைக்குக் கறியும் கோழியும் மீனும் திங்கற மனுசன், வீடியோவுல பாத்தாக் கழுத்தெலும்பு தெரியுதுங்களே?"

"வெயிலும்மா. அங்க வேர்வ சாஸ்தி. சாப்பிடுறதெல்லாம் வேர்வையாப் போயிரும்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில். எனக்கே என் வாயில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது.

"அது சரிங்க" என்றாள் நம்பிக்கையில்லாமல். பிறகு செல்வியைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா போயி இருந்து பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. நானும் பையனக் கூட்டிட்டு வந்தர்றேன். தோட்டத்தக் குத்தகைக்கு உட்டுப்போடலாம்னு இருக்கேனுங்க."

"கண்டிப்பா சொல்றேன்" என்றாள் செல்வி.

மணிமேகலையைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் வேலுசாமியின் போன். நான் மொட்டைமாடிக்குப் போய் எடுத்தேன்.

"அண்ணா, அக்கா இங்க வர்றாங்கன்னு எங்கூட்டுல சொன்னாளுங்க. நெசத்த உங்கூட்டுல சொல்லிப்போடாதீங்க. அங்க சொன்னா எங்கூட்டுக்கு ஒரு மணி நேரத்துல வந்துருமுங்க."

"அவ வேலைய விடப் போறாடா. ஒன் வீட்டுல தோட்டத்தக் குத்தகைக்கு விடப் போறாங்களாம். சொல்லாம என்ன செய்யச் சொல்ற?"

"அவகிட்ட நாஞ் சொன்னதுல அந்தச் சாப்பாட்டுக் கத ஒண்ணுதானுங்கண்ணா நல்லா இருந்துச்சு" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவனிடம் கோபப்படுவது சுலபமாக இருந்ததால் வந்த கோபம் அது. போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிடுவது என்று கோயிலில் முழங்காலிட்டபடியே முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்தால், ஷைனி தரையில் உலக வரைபடத்தை விரித்துவைத்து, தெமா எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டு, "அப்பா, இங்கதான நம்ம வீடு?" என்றாள். அன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் செல்வியை நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடம் பேகம்பூர் தாண்டி. பின்னால் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, குவார்ட்டர்ஸ் பக்கத்தில் பூசைக்குக் கோயில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்துறீங்க? பெல் அடிச்சிருவாங்க."

"அந்த லெட்டரக் குடுக்காத, செல்வி."

"என்னது?"

"நான் அங்க சாப்ட்டேன்னு சொன்ன கறி மீனெல்லாம் சாப்பிடல."

"எப்ப?"

"எப்பயுமே."

அவளுக்குப் புரியவில்லை. வகுப்பில் தப்பான விடை சொன்ன பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் சொன்னேன். சீடி, அலவன்ஸ், பருப்பு, இரண்டு வருஷ வாடகை, எல்லாம். வரிசையில்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"மார்ச்சுல, எம் பொறந்த நாளைக்கு? பிரியாணின்னீங்க."

"கென்கே."

"அப்படின்னா?"

"சோள உருண்ட."

"கிறிஸ்துமஸுக்கு?"

"அது நெசம். கம்பெனி கோழி குடுத்துச்சு."

"ஆகஸ்ட்ல ஒரு படம் அனுப்புனீங்களே."

"அதும் அந்தக் கோழிதான்."

டீ மாஸ்டர் எங்களைப் பார்த்தார். செல்வி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேலுசாமி அண்ணனும் அதேதான சொன்னாரு? ரஃபீக் அண்ணன் வீட்டுலயும் அதேதான?"

"டைம்டேபிள் போட்டு வச்சிருந்தோம்."

"டைம்டேபிளா?"

"ஏழு நாளைக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க மீனுன்னு சொன்னா மறுநா காலையில நான் மீனு வாங்கிருவேன். ஷைனி அப்படிப் பழகிட்டா. அப்பா சாப்ட்டதுதான் நமக்கும்பா. மாசக் கடைசியில கையில ஒண்ணுமே இருக்காது. அப்பயும் வாங்குனேன். தட்ட வச்சிக்கிட்டு, இப்ப அப்பாவும் நாமளும் ஒண்ணா சாப்பிடுறோம்னு நெனச்சுக்கிருவோம்."

டீ மாஸ்டர் நீட்டிய டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"ஒரே ஒரு நாள் பசிக்குதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானும் ஒரு நாள் எனக்கு முடியலன்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "நாலு வருசமா ரெண்டு பேரும் வெஞ்சனத்தப் பத்தியேதாங்க பேசியிருக்கோம்."

"சரி, வா. லெட்டரக் கிழிச்சுப் போட்டுட்டு உள்ள போ. ஷைனிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் கைப்பையைத் திறக்கவில்லை.

"லெட்டர வெள்ளிக்கெழமையே குடுத்துட்டேன். தலவலியோட வந்ததுல ஒங்ககிட்டச் சொல்ல விட்டுப்போச்சு. தாளாளர் கேட்டாரு, புது ஆளுக்குச் சொல்லணும்னு. குடுத்துட்டேன். இன்னிக்கு மார்க் ரிஜிஸ்டர ஒப்படைக்கத்தான் வந்தேன்."

வியாழக்கிழமை ஷைனிக்குப் பரீட்சை இருந்தது. அதனால் நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் இதற்கு முன்னால் எந்தப் பரீட்சைக்கும் அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

"நானும் உள்ள வரவா?"

"வந்து என்ன சொல்லுவீங்க? என் வீட்டுக்காரரு சோளம் சாப்ட்டாருன்னா?"

இரண்டு தெருவையும் நடந்தே போனாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தேன். முதல் பீரியட் பெல் அடித்தது. இரண்டாவது அடித்தது. வெயில் படிக்கு வந்தது. எழுந்து வண்டி நிழலுக்கு மாறினேன், அங்கேயும் வந்தது. மெஷின் நின்றுபோனால் எங்கே கோளாறு என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். இங்கே கோளாறு நான்தான் என்று தெரிந்தும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே என் மனைவி, பதினாலு வருஷம் தலைநிமிர்ந்து நடந்த வராந்தாவில், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது பெல்லுக்குப் பிறகு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"போங்க, சொல்றேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு காதுக்குப் பக்கத்தில் சொன்னாள். "பத்தாம் வகுப்புக் கணக்கப் புதுப் பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. சனிக்கெழமையே அந்தப் பொண்ணு வந்து கையெழுத்துப் போட்டுருச்சாம். என்னைய வேணும்னா ரெண்டாம் வகுப்புக்கு எடுத்துக்கிறாங்களாம். ஜூன்ல இருந்து. புது ஆளு சம்பளம்."

"பதினாலு வருசத்துக்கா?"

"அது வெள்ளிக்கெழமையோட முடிஞ்சிருச்சுன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். வேற என்ன சொல்ல?"

பேகம்பூரில் ஒரு சரக்கு வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு தோல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றோம். எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வருகிற மார்ச்சில் காண்டிராக்ட் முடிகிறது, அதோடு வந்துவிடுவது, இங்கே ஏதாவது ஒரு மில்லில் பாதிச் சம்பளத்துக்கு மெக்கானிக் வேலை பார்த்துக்கொள்வது, செல்வி சம்பளமும் சேர்ந்தால் வண்டி ஓடிவிடும் என்பதுதான் அது. பன்னிரண்டு மாசம்தானே என்று காரியை ஊறவைக்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்ல ஆரம்பித்த பிறகு எதை விடுவது, எதைச் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டது.

அவள் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"மார்ச்சுல வர முடியாதுங்க" என்றாள். "எனக்கு இனிமே வர்றது தவணையில கால்வாசிக்குத்தான் காணும். நீங்களும் வந்துட்டா வீடு போயிரும். இன்னும் மூணு வருசம் இருக்கணும்."

"மூணு வருசமா?"

"கூட ரெண்டு மாசம் ஆகும்."

முன்னால் இருந்த வண்டி நகரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். செல்வி என் தோளில் கை வைத்தாள். லீவில் வந்து இருபது நாளில் அதுதான் முதல் தடவை, அவள் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள்.

"தாங்குவீங்களா?"

"தாங்குவேன்."

"நெசத்தச் சொல்லுங்க."

நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். வேர்வையா கண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கவில்லை.

"முடியாது, செல்வி" என்றேன். "ஒரு நாளுகூட முடியாது. அந்த டைம்டேபிள ஒட்டுன அலமாரிக் கதவத் தொறக்கவே எனக்குப் பயமா இருக்கு."

அவள் கை தோளிலேயே இருந்தது. இனி இவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம், அந்த வெயிலில், சின்னப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டேன். வீடு போனால் போகட்டும் என்று ஒரு வார்த்தை.

"முடியலன்னா முடியலன்னு தெனமும் எங்கிட்டச் சொல்லுங்க. எம்புட்டு நேரமானாலும் கேட்டுக்கிருவேன்" என்றாள். "எனக்கும் முடியாதுதான். ஆனா போயிட்டு வாங்க."

சரக்கு வண்டி ஒதுங்கி வழிவிட்டது. ஷைனிக்குப் பரீட்சை முடிகிற நேரமாகிவிட்டது என்றாள். நான் கியரைப் போட்டேன்.